தாழியின் வாய்

ஈஸ்டருக்கு மறுநாள்.
காலையிலேயே ஊர் கூடைகளோடு மேட்டுக்கு ஏறுகிறது,
இறந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட.
நான் மட்டும் தோட்டத்தில்,
கையில் மண்வெட்டியோடு.

கழுத்துவரை மண்ணில் புதைந்திருக்கிறது
நீ மூடிய தாழி.
அறுவடை முடிந்து, தோலும் கொட்டையும் காம்புமாய்
உள்ளே கொட்டி, கல்லை வைத்து,
களிமண் பூசி, உள்ளங்கையால் தட்டினாய்,
தூங்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல.
முதல் பனிக்கு நீயும் மண்ணுக்குள்.

வருஷா வருஷம் தாழி கழுவ நீதான் இறங்குவாய், தெங்கிஸ்.
உள்ளே காற்று கெட்டது என்பதால்
பாடிக்கொண்டே தேய்ப்பாய்.
பாட்டு நின்றால் கயிற்றை இழு என்பாய் என்னிடம்.
தெலாவி மருத்துவமனையில் பாட்டு நின்றபோது
என் கையில் கயிறு இல்லை.

அடக்கத்தன்று பாதிரியார் இயோராம்
தூங்குகிறார், எழுவார் என்றார்.
நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.
நம்பியதால்தான் கெட்டேன்:
எப்படியும் அங்கே பார்த்துக்கொள்வோம் என்றால்
இங்கே எதற்கு அடுப்பு?
குளிர்காலம் முழுக்க
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
ரயில் நிலையத்தில் இருப்பவள்போல் இருந்தேன்.
வேலிக்கு அப்பாலிருந்து மக்வாலா கத்தினாள்:
‘லாமாரா! நீ துக்கத்தில் இருப்பது
கொடிக்குத் தெரியாதடி!’

தாமதமாகத்தான் கவாத்து செய்தேன்.
வெட்டிய இடத்தில் எல்லாம் நீர் சொட்டியது.
சொட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்தச் சனி இரவு.
கோயிலில் மெழுகுவர்த்தியும் ஈரக் கம்பளி வாடையும்.
இயோராம் தன் கரகரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்:
சாவை ஜெயித்துத் திரும்பியவர்
நண்பர்கள் நடுவே நின்று
தின்ன ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம்.
சிறு வயதிலிருந்து கேட்ட கதை,
அன்றுதான் காதில் விழுந்தது.
கல்லறை போய் வந்தவருக்குப் பசி!
சுட்ட மீன் துண்டு ஒன்று கொடுத்தார்கள், தின்றார்.
முள்ளைத் துப்பினாரா,
விரலை நக்கினாரா, யாரும் எழுதி வைக்கவில்லை.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
உருகிய மெழுகு கையில் விழுந்து சுட்டது.
அடக்கத்துக்குப் பின்
சுட்டது என்று நான் உணர்ந்தது
அதுதான் முதல் தடவை.

ஆகவே இதோ, களிமண்ணை உடைக்கிறேன்.
கல் கனக்கிறது.
யார் புரட்டித் தருவார் என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை,
மக்வாலாவின் மகனைக் கூப்பிட்டேன்.
குனிந்தால் முதலில் குளிர்.
அப்புறம் வாசம்: அக்ரூட் தோல், நனைந்த மண்,
உன் சட்டைக் கழுத்து.
சுரைக்குடுவையில் மொண்டு ஒரு வாய்.

துவர்க்கிறது.
ஆலங்கட்டிக்குப் பயந்து
எப்போதும் நாலு நாள் முன்னாலேயே பறித்துவிடுவாய்.
முப்பது வருஷச் சண்டை.
மிச்சத்தை அங்கே வந்து போட்டுக்கொள்கிறேன்.
இந்த வருஷம் நான்தான் பறிக்கிறேன்,
நாலு நாள் கழித்து.

மேட்டில் உன் மண்ணின்மேல்
மஞ்சிட்டி வேரில் சிவந்த முட்டையை உருட்டினேன்.
கிறிஸ்து உயிர்த்தார் என்றேன்.
நீ சொல்லவேண்டியதை
பக்கத்துக் கல்லறைக் குடும்பம் வாய் நிறைய ரொட்டியோடு சொன்னது.
உனக்கு ஒரு கை ஊற்றினேன்,
எனக்கு மூன்று குவளை.
இறங்கும்போது வழி கொஞ்சம் ஆடியது.
அலசானி வெயிலில் பளபளத்தது,
அதற்குப் பின்னே மலைகள்,
எவ்வளவு பனி இன்னும்.

மே மாதம். தாழி காலி.
இப்போது உள்ளே நான்,
பாவாடையை முடிந்து,
செர்ரிப் பட்டைக் கட்டால் சுவரைத் தேய்த்துக்கொண்டு.
மேலே வானம் ஒரு தட்டளவு வட்டம்.
கயிற்றின் மறுமுனையில் மக்வாலா.
‘நிறுத்தாதே, பாடு!’
பாடுகிறேன்.
சுருதி சேரவில்லை, இரண்டாம் அடி மறந்துவிட்டது,
முதலடியையே திரும்பத் திரும்ப.
மண்ணுக்குள் என் குரல்
இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று
நீ ஒருநாளும் சொல்லவில்லையே.